அத்து மீறியவர் யார்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் பாலைவனப் பூமி. சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர் போன லாஸ் வேகாஸ் நகரம் அங்கேதான் இருக்கிறது. அந்த நகரத்தின் விளக்கு வெளிச்சத்தை விட்டு வடமேற்கே 65 மைல் போனால் மெர்க்குரி என்று ஓர் இடம் வரும். அங்கே சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்து வைத்திருந்தார்கள். மாடுகள் தாண்டிப் போகாமல் இருப்பதற்காகப் போட்டது. 1980-களில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அந்தக் கம்பிகளைத் தாண்டிக் கைதானார்கள்.

அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றம் "அத்து மீறி நுழைந்தது".

கைதானவர்களில் பலர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். அது அனுமதிச் சீட்டு. கொடுத்தது அமெரிக்க சர்க்கார் அல்ல. மேற்கு ஷோஷோனி மக்களின் தேசியக் கவுன்சில். "இது எங்கள் மண். இவர்கள் இங்கே வருவதற்கு நாங்கள் சம்மதித்திருக்கிறோம்" என்பது அதன் சாரம். காவலர்கள் அதை ஏற்கவில்லை. கையில் விலங்கை மாட்டி அழைத்துப் போனார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனைக் களம். அங்கே நடந்த அறப்போரை "குண்டு வேண்டாம்" என்ற கூச்சலாக மட்டும் நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். மண் யாருடையது என்ற கேள்வி மீதிப் பாதி. முதல் பாதியில் போராடியவர்கள் ஓரளவு ஜெயித்தார்கள். இரண்டாம் பாதியில் இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

1863-ல் எழுதிய பத்திரம்

நம் பழைய பாடப் புத்தகங்களில் "செவ்விந்தியர்" என்று எழுதப்பட்டார்களே, அந்தப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர் ஷோஷோனிகள். தங்களை அவர்கள் "நெவே" என்று சொல்லிக்கொள்கிறார்கள். "மக்கள்" என்று பொருள்.

1863-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. லிங்கன் ஜனாதிபதி. மேற்குக் கரையிலிருந்து தங்கமும் தபாலும் தடையில்லாமல் வந்து சேர வேண்டும். வழியில் ஷோஷோனி நாடு. எனவே அக்டோபர் 1-ந் தேதி ரூபி பள்ளத்தாக்கு என்ற இடத்தில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சமாதானமும் சிநேகமும் நிலவுவதற்கான உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர்.

அதில் ஷோஷோனிகள் என்ன கொடுத்தார்கள்? தங்கள் நாட்டின் வழியாகச் சாலை போகலாம் என்றார்கள். தந்திக் கம்பி போகலாம், ரயில் போகலாம், சுரங்கம் தோண்டலாம் என்றார்கள். பதிலுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் பெறுமான பொருள்கள், 20 ஆண்டுகளுக்கு. அவர்கள் நாட்டின் எல்லைகள்கூட அந்த உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால், "எங்கள் நிலத்தை உங்களுக்கு விட்டுக் கொடுத்தோம்" என்ற வாசகம் மட்டும் அதில் எங்கும் கிடையாது.

வழி கேட்டவனுக்கு வழி விட்டார்கள். அவ்வளவுதான். நடக்க வழி விட்டதை வீட்டையே எழுதிக் கொடுத்ததாகப் படிக்க முடியுமா? படித்தார்கள்.

எவ்வளவு நிலம்? பின்னால் சர்க்கார் தீர்ப்பாயமே கணக்குப் போட்டது: சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு.

குண்டு வந்தது

அமெரிக்கா முதலில் பசிபிக் தீவுகளில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. கடல் கடந்து போவது செலவு. கொரியப் போர் வேறு மூண்டுவிட்டது. உள்நாட்டிலேயே ஓர் இடம் வேண்டும் என்று ராணுவமும் அணுசக்திக் கமிஷனும் கேட்டன. 1950-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜனாதிபதி ட்ரூமன் நெவாடாவுக்குச் சம்மதம் கொடுத்தார். 1951 ஜனவரி 27-ந் தேதி முதல் குண்டு விமானத்திலிருந்து போடப்பட்டது.

"யாரும் இல்லாத பாலைவனம்" என்றுதான் அந்த இடத்தைப் பற்றிப் பேசினார்கள். வெளியூர்க்காரன் கண்ணுக்கு மலையும் முள்ளும்தான் தெரியும். ஷோஷோனிகளுக்கும் அவர்களுடைய அண்டையாரான தெற்கு பையூட் மக்களுக்கும் அது பைன் கொட்டை பொறுக்கிய மலை, மூலிகை பறித்த சரிவு, முன்னோரைப் புதைத்த இடம்.

களத்தின் பரப்பு சுமார் 1,350 சதுர மைல். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு. 1951 முதல் 1992 வரை அங்கே நடந்த அணு ஆயுதச் சோதனைகள் 928. அவற்றில் 100 வெட்டவெளியில். மற்றவை பூமிக்கு அடியில். உலகத்திலேயே அதிகமாகக் குண்டு வெடிக்கப்பட்ட தேசம் தங்களுடையது என்று ஷோஷோனிகள் சொல்வதை மிகை என்று தள்ளிவிட முடியாது.

ஆரம்ப நாட்களில் லாஸ் வேகாஸ்காரர்கள் இதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். விடுதி மாடிகளில் விருந்து வைத்து, விடியற்காலையில் எழும் குடைக் காளானைக் கண்டு களிக்க விருந்தாளிகளை அழைத்தார்கள். 1957-ல் ஒரு நடனக்காரிக்குப் பஞ்சினால் அந்தப் புகை மண்டலத்தைப் போல உடை தைத்து மாட்டி, "மிஸ் அணுகுண்டு" என்று பெயர் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் உலகமெங்கும் சுற்றுகிறது.

காற்று லாஸ் வேகாஸ் பக்கமோ லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமோ வீசினால் சோதனையைத் தள்ளிப் போடுவார்கள். காற்று கிழக்கே திரும்பிய பிறகு வெடிப்பார்கள். கிழக்கே ஜனங்கள் இல்லையா? இருந்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள், சிறு பண்ணைக்காரர்கள், பூர்வகுடிகள் இருந்தார்கள். ஓட்டுக் கணக்கில் அவர்கள் சிறுபான்மை.

முயலும் பாலும்

அணுக் கதிர்த் தூசியில் ரேடியோ அயோடின் என்று ஒன்று உண்டு. அது புல்லில் படியும். மாடு புல்லைத் தின்னும். பால் வழியாகக் குழந்தையின் உடம்புக்குப் போய்த் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியில் தங்கும். புற்று நோய்க்கு வித்திடும். யாருக்கு எவ்வளவு கதிர் ஏறியது என்று பின்னாளில் சர்க்கார் கணக்குப் போட்டபோது, பால் குடிக்கும் பண்ணைக் குடும்பத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டது.

ஷோஷோனிகளின் வாழ்க்கை வேறு. அவர்கள் முயல் வேட்டையாடினார்கள். ஓர் உறுப்பையும் வீணாக்காமல் சமைத்தார்கள். முயலின் தைராய்டு சுரப்பியிலும் அதே விஷம் சேர்ந்திருக்கும் அல்லவா? காட்டுச் செடிகளைப் பறித்துத் தின்றார்கள். தோலைப் பதப்படுத்தினார்கள். வெட்டவெளியில் வாழ்ந்தார்கள். இவையெல்லாம் கணக்கில் வரவில்லை. 1990-களில் பூர்வகுடிச் சமூகங்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதுதான், முயல் இறைச்சி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியவந்தது. ஒரு ஜனத்தின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ளாமலே அதன் ஆபத்தை அளந்து முடித்திருந்தார்கள்!

முதலில் வந்த பதினொருவர்

நெவாடாக் களத்தின் வாசலில் முதல் அறப்போர் 1957 ஆகஸ்ட் 6-ந் தேதி நடந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள். காந்தி வழியில் நம்பிக்கை கொண்ட ஒரு குழுவினர் வந்தார்கள். எங்கே நிற்போம், எப்போது நுழைவோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்தார்கள். பதினொரு பேர் எல்லையைத் தாண்டினார்கள். கைதானார்கள். அன்றைக்கே தண்டனையை நிறுத்தி வைத்து விடுதலை செய்தார்கள். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் வாசலுக்கு வந்து பிரார்த்தனையில் இருந்தபோது, தூரத்தில் ஒரு குண்டு வெடித்தது. கண்ணாலேயே பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஆல்பர்ட் பிகலோ. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலுக்குத் தலைமை வகித்தவர். பென்ஷன் கிடைக்க ஒரு மாதமே இருந்தபோது கடற்படைப் பதவியை உதறியவர். மறு ஆண்டு "கோல்டன் ரூல்" என்ற பாய்மரப் படகில் பசிபிக் சோதனைத் தீவை நோக்கிப் புறப்பட்டு, ஹொனலூலுவில் சிறை சென்றார்.

அவர்களுடைய கேள்வி குண்டைப் பற்றியது. நிலத்தைப் பற்றிய கேள்வி அப்போது வாசலுக்கு வந்து சேரவில்லை.

1962-ம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மட்டும் அமெரிக்கா 96 சோதனைகள் நடத்தியது. ஜூலை மாதம் நெவாடாவில் ஒரே வெடிப்பில் 320 அடி ஆழமுள்ள பள்ளம் உண்டாயிற்று. செப்டம்பர் 28-ந் தேதி வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியை ஒரு முதியவர் சந்தித்தார். வயது 83. கதர் வேஷ்டி. 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து, சட்டத்தை மீறி உப்பு அள்ளிச் சிறை சென்ற ராஜாஜிதான் அவர். காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கப் போனார். மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் வெட்டவெளிச் சோதனைகளை நிறுத்தக் கையெழுத்திட்டன. ராஜாஜி போனதால்தான் நின்றது என்று நாம் பெருமை அடித்துக்கொள்ளத் தேவையில்லை. கியூபா நெருக்கடி உலகத்தை உலுக்கியிருந்தது. தாய்மார்கள் குழந்தைகளின் பாலில் விஷம் என்று தெருவுக்கு வந்திருந்தார்கள். எல்லாம் சேர்ந்து செய்த வேலை. சோதனைகளும் ஒழிந்துவிடவில்லை, பூமிக்கு அடியில் போயின.

அதே 1962-ல் இன்னொன்றும் நடந்தது. பூர்வகுடிகளின் நில வழக்குகளை விசாரிக்க அமெரிக்க சர்க்கார் வைத்திருந்த கமிஷன் ஒரு முடிவு சொல்லியது: வெள்ளையர்களும் மற்றவர்களும் படிப்படியாக உள்ளே குடியேறிவிட்டதால் ஷோஷோனிகளின் உரிமை போய்விட்டது!

ஆக்கிரமிப்பே ஆக்கிரமிப்பவனுக்குப் பட்டாவாகிவிட்டது. எந்த நாளில் போயிற்று என்று எவரும் நிரூபிக்கவும் இல்லை. வக்கீல்கள் தங்களுக்குள் பேசி 1872 ஜூலை 1-ந் தேதி என்று ஒரு நாளை வைத்துக்கொண்டார்கள். ஒரு கிராமத்து மணியக்காரர் இப்படிச் செய்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா?

கம்பியைத் தாண்டியவர்கள்

1982-ல் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவிகளும் கன்னியர்களும் தவக் காலம் முழுவதும் களத்தின் வாசலில் வந்து பிரார்த்தனை செய்தார்கள். லூயி விட்டாலே என்ற பாதிரியாரும் ரோஸ்மேரி லிஞ்ச் என்ற கன்னியாஸ்திரீயும் முன்னின்றார்கள். காவலர்களிடம் அவர்கள் பகை பாராட்டவில்லை. பேர் சொல்லி அழைத்து நலம் விசாரித்தார்கள். அந்த விதையிலிருந்துதான் பெருங்கூட்டம் வந்தது. கார்ல் சேகன் என்ற உலகப் புகழ் விஞ்ஞானி கைதானார். மார்ட்டின் ஷீன் என்ற சினிமா நடிகர் கைதானார். 1988 மார்ச்சில் பத்து நாட்கள் நடந்த போராட்டத்தில் கைதானவர்கள் 3,000 பேருக்குக் கிட்டத்தட்ட வருவார்கள். 1986 முதல் 1994 வரை 536 போராட்டங்கள், 15,740 கைதுகள் என்று போராட்டக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கைதானவர்களைத் திறந்தவெளிப் பட்டிகளில் அடைத்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பஸ்ஸில் ஏற்றித் தொலைவிலுள்ள ஊர்களில் கொண்டு போய் விட்டார்கள். பெரும்பாலோர் மீது வழக்கு நடத்துவதே ஒரு கட்டத்தில் நின்றுபோயிற்று. சின்னஞ்சிறு ஜில்லா நிர்வாகம், இத்தனை பேரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் பணத்துக்கு எங்கே போகும்?

இந்தக் காலத்தில்தான் ஷோஷோனிகளின் குரல் வாசலுக்கு வந்தது. கார்பின் ஹார்னி என்ற பெரியவர் அதற்கு முகமாக இருந்தார். 1920-ல் பிறந்தவர். அவர்களுடைய வழக்கப்படி மருந்தும் மந்திரமும் தெரிந்த ஆன்மிகத் தலைவர். பொழுது புலரும் நேரத்தில் தீ மூட்டி, வட்டமாக நிற்கச் சொல்லி, கைப்பறை தட்டிப் பாடுவார். தண்ணீரைப் பற்றியே அதிகம் பேசுவார். பூமிக்கு அடியில் வெடித்த விஷம் ஊற்றில் கலந்தால் யார் குடிப்பது என்று கேட்பார். பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பாதிரிமார்களும் அவர் முன்னால் மௌனமாக நின்றார்கள்.

அனுமதிச் சீட்டு வந்தபின் போராட்டத்தின் பொருளே மாறியது. முன்பு வந்தவர்கள், "சட்டத்தை மீறுகிறோம், தண்டனையை ஏற்கிறோம்" என்றார்கள். இப்போது வந்தவர்கள், "நாங்கள் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?" என்றார்கள். ஒரு கல்லையும் எடுக்காமல், ஒரு கெட்ட வார்த்தையும் பேசாமல், காவலரை எதிர்க் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

எதிரி நாட்டில் எழுந்த துணை

ரஷ்யர்கள் சோதனை நடத்தியது கஜகஸ்தானிலுள்ள செமிபலாடின்ஸ்க் களத்தில். அங்கே 456 சோதனைகள். அதுவும் வேறொரு இனத்தாரின் மேய்ச்சல் நிலம்தான். 1989 பிப்ரவரியில் பூமிக்கு அடியிலிருந்து கதிர் வாயு கசிந்தது. ஓல்ஜாஸ் சுலைமேனோவ் என்ற கவிஞர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். டெலிவிஷனில் பேச வாய்ப்புக் கிடைத்ததும், தன் கவிதையை விட்டுவிட்டு இந்தச் சோதனைகளைக் கண்டித்துப் பேசினார். இரண்டு நாளில் எழுத்தாளர் சங்கத்தின் வாசலில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "நெவாடா - செமிபலாடின்ஸ்க்".

பார்த்தீர்களா? பெயரில் நெவாடா முதலில் நிற்கிறது. முள்வேலிக்கு முன்னால் நின்றவர்கள் கண்ட பலன் இது. அந்த ஆண்டு அக்டோபருக்குப் பிறகு செமிபலாடின்ஸ்கில் குண்டு வெடிக்கவில்லை. 1991 ஆகஸ்ட் 29-ந் தேதி அந்தக் களம் மூடப்பட்டது. அந்தத் தேதியைத்தான் ஐ.நா. சபை அணுச் சோதனை எதிர்ப்பு நாளாக வைத்திருக்கிறது. ரஷ்யா நிறுத்திவிட்ட பிறகு அமெரிக்கப் பார்லிமெண்டில் சாக்குச் சொல்ல ஆள் குறைந்தது. 1992 செப்டம்பர் 23-ந் தேதி நெவாடாவில் கடைசிக் குண்டு வெடித்தது.

தொடாத பணம்

நிலத்தின் கதைக்கு வருவோம்.

1979-ல் ஷோஷோனிகளுக்கு நஷ்ட ஈடாக 2 கோடியே 61 லட்சம் டாலர் தீர்ப்பாயிற்று. ஏக்கருக்கு ஒரு டாலர் சொச்சம். 1872-ம் ஆண்டு விலை! அந்த நிலத்தின் அடியில் தங்கச் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷோஷோனிகள் பணத்தைத் தொட மறுத்தார்கள். "தாய் மண்ணை விற்கவில்லை, விலை எப்படி வாங்குவது?" என்பது அவர்கள் வாதம். சர்க்கார் என்ன செய்தது? தன் கஜானாவிலேயே ஒரு கணக்கில் பணத்தைப் போட்டது. அவர்களுடைய தர்மகர்த்தா என்ற முறையில் தானே அதைப் பெற்றுக்கொண்டது. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கியாயிற்று. 1985-ல் சுப்ரீம் கோர்ட், "இது பணம் கொடுத்ததாகவே ஆகும்" என்று தீர்ப்பளித்தது.

அந்த வழக்கில் எதிர்வாதிகள் மேரி டான், கேரி டான் என்ற இரண்டு சகோதரிகள். மாடும் குதிரையும் வளர்த்துப் பிழைத்தவர்கள். பாட்டன் காலத்து மேய்ச்சல் நிலத்தில் மேய்க்க, மத்திய சர்க்காரிடம் பர்மிட் வாங்க மாட்டோம் என்றார்கள். அதற்காக 1974 முதல் வழக்கு. பின்னால் ஆயுதம் தாங்கிய ஆட்கள் வந்து கால்நடைகளைப் பிடித்துப் போனார்கள். முதுமையிலும் அவர்கள் அசையவில்லை. அமெரிக்க நாடுகளின் மனித உரிமைக் கமிஷன் 2002-ல் இவர்கள் பக்கமே நியாயம் என்று சொன்னது. 2006-ல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, இந்தச் செயல்களை நிறுத்துங்கள் என்று அமெரிக்காவைக் கேட்டுக்கொண்டது. வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேரி 2005-ல் இறந்தார். கேரி 2021-ல் இறந்தார்.

வட்டியோடு 14 கோடி டாலருக்கு மேல் பெருகிவிட்ட அந்தப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட 2004-ல் சட்டம் செய்தார்கள். ஷோஷோனிகளில் ஒரு சாரார் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கஷ்ட ஜீவனம் நடத்துகிறவர்கள் அப்படிச் சொன்னதில் தவறு காண முடியாது. ஆனால், ஏழை கை நீட்டியதை வைத்து விற்பனை நடந்ததாகச் சாதிப்பது தர்மம் ஆகாது.

மறுபடியும்

2010-ல் களத்தின் பெயரை மாற்றினார்கள். இப்போது அது "தேசப் பாதுகாப்புத் தலம்". முழு வெடிப்பு இல்லாத சிறு பரீட்சைகள் 1997 முதல் பூமிக்கு அடியில் நடக்கின்றன. எல்லாச் சோதனைகளையும் தடை செய்யும் 1996-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டது. 1999-ல் அதன் செனட் சபை நிராகரித்தது. ரஷ்யா 2023-ல் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. 2025 அக்டோபரில் ஜனாதிபதி டிரம்ப், அணு ஆயுதச் சோதனைகளைத் தொடங்க உத்தரவிட்டதாக அறிவித்தார். வெடிப்பு இராது என்று அவருடைய எரிசக்தி மந்திரி சமாதானம் சொன்னார். எந்தச் சொல்லை நம்புவது?

நம் நாடும் 1974-லும் 1998-லும் பொக்ரானில் வெடித்துப் பார்த்த நாடுதான். அந்தத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடுதான். எனவே மேடை ஏறி உபதேசம் செய்யும் தகுதி டெல்லிக்கு இல்லை. ஆனால் ராஜாஜியைத் தூது அனுப்பிய நாட்டின் ஜனங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

கேட்க வேண்டியது இரண்டு. அமெரிக்க செனட் சபை 1999-ல் தள்ளிய ஒப்பந்தத்தை மறுபடி எடுத்து நிறைவேற்ற வேண்டும். டெல்லியும் அதில் கையெழுத்திட வேண்டும். 1863-ம் ஆண்டு உடன்படிக்கை இன்றுவரை ரத்து செய்யப்படவில்லை; அதை மேஜை மீது வைத்துக்கொண்டு ஷோஷோனிகளோடு வாஷிங்டன் நேருக்கு நேர் பேச வேண்டும். பணத்தைப் பற்றியல்ல, நிலத்தைப் பற்றி. நெவாடாவில் இன்னொரு குழி தோண்டுவதற்கு முன்னால் அந்தப் பேச்சு நடந்தாக வேண்டும்.